தலைவருக்காக

நான் ஒரு பெண்ணைப் பொம்மை என்று எழுதினேன். எழுதியது விருத்தாசலத்தில் இருந்துகொண்டு. இங்கே பீங்கான் பொம்மை ஆயிரக்கணக்கில் அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு, வண்ணம் பூசி, வைக்கோல் சுற்றி லாரியில் ஏற்றுகிறார்கள். அதனால் அந்தச் சொல் எனக்குத் தேடாமலே கிடைத்தது. படித்தவர்களுக்கும் உடனே பிடித்துப்போனது. எனக்கு எட்டிய வரையில் அது பிடிக்காமல் போனது என் கணவர் ஒருவருக்குத்தான்.

அவருக்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை. விருத்தாசலம் ஜங்ஷனுக்கு மாற்றலாகி வந்தபோது நான் சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். வேலையை விட்டுவிட்டு அவரோடு வந்தேன். இரண்டு வருடம் சும்மா இருந்தேன். பிறகு, தெரிந்த தொழில் அது ஒன்றுதான் என்பதால், வெள்ளிக்கிழமை தோறும் மின்னஞ்சலில் ஒரு கடிதம் அனுப்பத் தொடங்கினேன். நகராட்சிக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள், ரோட்டு டெண்டர் யாருக்குப் போனது, ஒன்றிய அலுவலகத்தில் ஒரு கோப்பு ஏன் நகரவில்லை என்பது மாதிரியான உள்ளூர் அரசியல். விளம்பரம் வாங்குவதில்லை, கட்சிக்காரர்களிடம் கை நீட்டுவதில்லை. படிக்கிறவர்கள் கட்டுகிற மாதச் சந்தாவில் ஓடியது.

சந்தா கட்டியவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஊரில் இல்லாதவர்கள். ஊரில் இருப்பவர்களுக்குச் சேதி டீக்கடையிலேயே கிடைத்துவிடும். மங்கலம்பேட்டையிலிருந்து வளைகுடாவுக்குப் போய் டிரைவராக இருக்கும் ஒருவர் முதல் மாதத்திலிருந்தே வாசகர். எழுத மாட்டார், குரல் பதிவுதான் அனுப்புவார். பெரிய பத்திரிகையில் தன் ஊர் வருவதே இல்லை, உங்கள் கடிதத்தில்தான் வருகிறது, அதனால் நீங்கள் எழுதினால் அது உண்மை என்று வைத்துக்கொள்கிறேன் என்று ஒருமுறை சொன்னார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாக இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு பழைய வாசகர் உள்ளூர்க்காரர். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேப்பூர் போகிற ரோட்டில் உள்ள ஒரு கிராமம். வெள்ளிக்கிழமை பகலுக்குள் நாலு வரியாவது பதில் எழுதிவிடுவார். ஒரு வியாழக்கிழமை மதியம் அவரிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. அவர் ஊர் ஊராட்சியின் பெயர் அச்சிட்ட கடிதத்தாள். ஏரியில் மண் எடுக்க ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதி, தலைவர் என்ற முத்திரைக்கு மேல் ஒரு கையெழுத்து. மண்பாண்டம் செய்கிறவர்களுக்காக என்று தாளில் இருந்தது. ஆனால் மண் போவது வேப்பூர் பக்கம் ஹைவே ஓரத்தில் மனை போட்டு விற்கிறவர்களுக்கு என்று அவர் கூடவே எழுதியிருந்தார். லாரி நிற்கிற படமும் ஒன்று இருந்தது.

அந்த ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கியது. தலைவர் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். நான் அவரைப் பார்த்ததில்லை. சாயங்காலம் போன் செய்தேன். ஓர் ஆண் எடுத்தார், கணவர்தான் பேசுகிறேன் என்றார். தலைவரிடம் பேச வேண்டும் என்றேன்.

"அவங்களால இப்ப பேச முடியாதுங்க. என்னன்னு என்கிட்ட சொல்லுங்க."

எப்போது பேச முடியும் என்று கேட்டேன். ரெண்டு வாரமாவது ஆகும் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மனைவி பேரில் நாற்காலியில் உட்காரும் கணவர்களை இந்த வட்டாரத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களைப் பற்றி எழுதியும் இருக்கிறேன். இதுவும் அதே கதை என்று போனை வைப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் புகைப்படத்தில் தாளின் அடிப்பகுதி இல்லை. முத்திரையின் கீழ்விளிம்போடு படம் முடிந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பதினோரு வருடம் நாளிதழில் இருந்தவளுக்கு அது கண்ணில் படாமல் போகாது. முழுத்தாளையும் அனுப்புங்கள் என்று கேட்க ஒரு நிமிடம் போதும். நான் கேட்கவில்லை. நேரம் இல்லை என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. கேட்டால் கையில் இருக்கும் செய்தி கையை விட்டுப் போய்விடுமோ என்றுதான் கேட்கவில்லை.

'பொம்மைத் தலைவி, லாரியில் போகும் ஏரி' என்று தலைப்பு வைத்தேன். தலைவரிடம் கருத்துக் கேட்க முயன்றபோது அவர் போனுக்கே வரவில்லை, கணவர்தான் பேசினார் என்றும், சூளையில் சுட்ட பொம்மைக்காவது ஒரு சூடு இருக்கும் என்றும் எழுதினேன். அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்துப் பார்த்து ரசித்ததுகூட நினைவிருக்கிறது.

மறுநாள் பகலுக்குள் கடிதம் ஊர் வாட்ஸப் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றியது. யாரோ ஒரு களிமண் பொம்மைக்கு மாலை போட்டு, கீழே 'எங்கள் தலைவி' என்று எழுதிப் படம் போட்டிருந்தார்கள். அதைக் கணவரிடம் காட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தம்மாகிட்ட பேசுனியா?" என்றார்.

போன் பண்ணினேன் என்றேன்.

"போன் பண்ணியான்னு கேக்கல. அவங்ககிட்ட பேசுனியான்னு கேட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. என் தொழிலை எனக்குச் சொல்லித் தர வேண்டாம் என்றேன். அந்த வாரம் வந்த அளவுக்குப் புதுச் சந்தாதாரர்கள் அதற்கு முன் எந்த வாரமும் வந்ததில்லை.

கடிதம் போய்ப் பதினோரு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி வாக்கில், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஒருவர் முதலில் இறங்கி, உள்ளே இருந்த பெண்ணைக் கைத்தாங்கலாக இறக்கினார். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மெலிந்த உடம்பு, வெளிறிய முகம். எங்கள் வீட்டுக்கு மூன்று படிதான். ஒவ்வொரு படியிலும் நின்று, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஏறினார். யாரோ வழி தவறி வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவர் தன் ஊர்ப் பேரைச் சொல்லி, தலைவர் நான்தான், இவர் என் கணவர் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. எழுதும்போது எனக்குள் ஒரு முகம் இருந்தது. அது இந்த முகம் இல்லை.

உட்கார்ந்ததும் ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து இரண்டு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் செய்தபோது கொடுத்த தாள். மற்றது நான் பார்த்த அதே ஊராட்சிக் கடிதத்தின் ஜெராக்ஸ், முழுத்தாள். அவருக்கு ஆபரேஷன் நடந்த தேதிக்கு இரண்டு நாள் கழித்து அந்தக் கடிதத்தில் தேதி போட்டிருந்தது. முத்திரைக்குக் கீழே பேனாவில் 'தலைவருக்காக' என்று ஒரு வார்த்தை. அதற்கும் கீழே துணைத் தலைவரின் பெயர். எனக்கு வந்த படம் சரியாக அந்த வார்த்தைக்கு மேலே வெட்டப்பட்டிருந்தது.

படத்தை எனக்கு அனுப்பியவர் யார் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது. அனுப்பியவர் துணைத் தலைவருக்கு மச்சான் முறை என்றார். என் கடிதத்துக்கு நாலு வரி பதில் தவறாமல் எழுதும் மனிதரைப் பற்றி இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் இருந்தது.

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கையை லேசாக உயர்த்தினார்.

"இவரு போன்லயே சொல்லியிருப்பாருங்க. நான்தான் சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தேன். கர்ப்பப்பைய எடுத்தது ஊருக்கு எதுக்குன்னு. அது என் தப்புதான்."

தப்பைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு அவர் பேசியது எனக்கு அடிபட்ட மாதிரி இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மகள் பிளஸ் டூ படிக்கிறாள் என்றும், ஒரு வாரமாக ஸ்கூலுக்குப் போவதில்லை என்றும் கணவர் சொன்னார். பஸ்ஸில் பையன்கள் 'பொம்மை மவ' என்று கூப்பிடுகிறார்களாம். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாங்க. அன்னிக்கி எவ்ளோ பெருசா போட்டீங்களோ, அவ்ளோ பெருசா தப்புன்னு போடுங்க. அது போதும்."

"போடுறேங்க" என்றேன்.

டீ வேண்டாம் என்று வெந்நீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அதே மூன்று படியை அவர் இறங்கி முடிக்கும் வரை நான் வாசலில் நின்றேன்.

இதுவரை நடந்தது அவசரத்தில் செய்த பிழை என்று யாராவது சொன்னால் ஒருவேளை ஒப்புக்கொள்வேன். இதற்குப் பின் நடந்தது அப்படி இல்லை. அந்த வாரக் கடிதத்தை உட்கார்ந்து எழுதினேன். 'நான் எழுதியது தவறு' என்று தலைப்பு வைத்தேன். படித்துப் பார்த்தபோது அந்தப் புதுச் சந்தாதாரர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் வந்ததே அந்தக் கட்டுரைக்காக. வந்த சில நாளிலேயே அது பொய் என்று எப்படிச் சொல்வது? மங்கலம்பேட்டைக்காரரின் குரலும் நினைவுக்கு வந்தது. தலைப்பை எடுத்துவிட்டு, நகராட்சிக் குப்பை வண்டி பற்றிய செய்தியை மேலே வைத்தேன். திருத்தம் இரண்டாவது இடத்துக்குப் போனது, பிறகு நாலாவதுக்கு, கடைசியில் சந்தா கட்டுவது எப்படி என்ற குறிப்புக்கு மேலே ஒரு பத்தியாக நின்றது. 'தவறு' என்பதை 'விடுபட்ட தகவல்' என்று மாற்றினேன். அதன்பின் இப்படி எழுதினேன்: 'மேற்படி கடிதம் தலைவர் சிகிச்சையில் இருந்த காலத்தில் வழங்கப்பட்டதாகத் தெரியவருகிறது.' யார் வழங்கினார்கள் என்று அதில் இல்லை. பொம்மை என்ற சொல்லைப் பற்றிப் பேச்சே இல்லை. அதிகாரிகள் இப்படி எழுதும்போது நான் அவர்களைக் கேலி செய்து எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் காத்திருந்தேன். யாரும் அந்தப் பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

சனிக்கிழமை அவர் கணவர் போன் செய்தார். போட்டுவிட்டீர்களா என்று கேட்கச் சொன்னாங்க, நாங்கள் தேடிப் பார்த்தோம், எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றார். கடைசியில் இருக்குதுங்க என்றேன். "சரிங்க" என்று வைத்துவிட்டார்.

ஒரு மாதம் போயிருக்கும். வேறொரு விஷயமாக ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே எனக்குத் தெரிந்த ஓர் எழுத்தர், உங்களால்தான் ஒரு பெரிய வேலை நடந்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்தக் கிராமத்து வார்டு உறுப்பினர்கள் தலைவர்மேல் கலெக்டரிடம் மனு கொடுத்திருந்தார்கள். விசாரணை முடியும் வரை தலைவருடைய செக் பவரை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதாவது ஊராட்சிப் பணத்துக்கு அவர் செக்கில் கையெழுத்துப் போட முடியாது. எழுத்தர் கோப்பைத் திறந்து காட்டினார். மனுவுக்குப் பின்னால் என் கடிதம், தாளில் அச்சடித்துக் குத்தப்பட்டிருந்தது. தலைப்புக்குக் கீழே சிவப்பு மையால் கோடு.

"உங்க கட்டுரைதான் மேடம் முக்கியமான ஆதாரம்" என்றார்.

திருத்தம் வந்த கடிதம் கோப்பில் இருக்கிறதா என்று கேட்டேன். எந்தத் திருத்தம் என்று அவர் திருப்பிக் கேட்டார். செக் பவர் போனதால் ஊரில் தண்ணீர் மோட்டார் எரிந்து மூன்று வாரமாகியும் சரிசெய்யவில்லை என்பதையும் அவர்தான் சொன்னார். பொம்பளைங்க பக்கத்து ஊர் வரைக்கும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றார். நான் வெளியே வந்து, வண்டி நிறுத்துமிடத்தில் என் ஸ்கூட்டர் எது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்த வாரக் கடிதத்தில் வேறு எந்தச் செய்தியும் இல்லை. படம் எப்படி வந்தது, அதில் என்ன இல்லை, நான் எதைப் பார்த்தும் கேட்காமல் விட்டேன், திருத்தத்தை எப்படிக் கடைசிக்கு நகர்த்தினேன், அந்தச் சொல்லை எழுதிவிட்டு எப்படி ரசித்தேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். அச்சடித்துக் கையெழுத்துப் போட்டு, கடலூருக்குப் போய் விசாரணை அதிகாரி கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கினேன்.

கூட்டுறவுச் சங்கத்துக்காரர் சந்தாவை நிறுத்தினார். 'நீங்களும் விலை போய்ட்டீங்க' என்று ஒரே வரிதான் எழுதினார். வேறு பலரும் போனார்கள். மங்கலம்பேட்டைக்காரர் போகவில்லை. நீளமாக ஒரு குரல் பதிவு அனுப்பினார். முதல் கட்டுரையை அவர்தான் தனக்குத் தெரிந்த குழுக்களில் எல்லாம் போட்டாராம். இதையும் தேடித் தேடி அத்தனை குழுவிலும் போட்டாராம்.

"அதுக்கு அன்னிக்கே சண்டை போட்டானுங்க மேடம். இதுக்கு ஒருத்தன் ஒண்ணும் சொல்லல. நானும் சேர்ந்துதான் பண்ணியிருக்கேன், அல்லா மன்னிக்கணும்."

அவரையும் இதில் இழுத்து விட்டிருக்கிறேன் என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

விசாரணை முடிந்து செக் பவர் திரும்பக் கிடைத்தது. கிடைத்த ஆறு வாரத்தில் எல்லா ஊராட்சித் தலைவர்களுக்கும் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்துவிட்டார்கள். அவர் பதவியின் கடைசி மாதங்களை நான் எடுத்துக்கொண்டேன். மோட்டாரைச் சரிசெய்ய அவர் போட்ட கையெழுத்து, தலைவராக அவர் போட்ட கடைசிச் சில கையெழுத்துகளில் ஒன்று என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவர் ஊருக்குப் போனேன். முன்பே போயிருக்க வேண்டும். வேப்பூர் பஸ்ஸில் போய் ரோட்டோரம் இறங்கி நடந்தேன். அவர் வீட்டு முன்னால் தார்ப்பாயில் உளுந்தைப் பரப்பிக் காய வைத்துக்கொண்டிருந்தார். உடம்பு தேறியிருந்தது. கணவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். மகளைப் பற்றிக் கேட்டேன். சித்தி வீட்டில் விட்டோம், அங்கிருந்து பரீட்சை எழுதினாள், மார்க் கொஞ்சம் குறைவுதான் என்றார். நான் தவறை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தைப் படித்தீர்களா என்று கேட்டேன்.

"படிச்சேங்க. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க." உளுந்தைக் கையால் தள்ளிக்கொண்டே சொன்னார். "ஆனா முழுக்க உங்களப் பத்தியேதானங்க இருக்குது. ஏரி மண்ண அள்ளுனது யாருன்னு நீங்க இன்னும் எழுதவே இல்லியே."

உண்மைதான். துணைத் தலைவர் கையெழுத்துப் போட்டார் என்று ஒரு வரி எழுதியதோடு நிறுத்தியிருந்தேன். இன்னொரு தடவை தப்பு செய்துவிடுவேனோ என்ற பயம் ஒன்று. அதைவிட, என் குற்றத்தை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்ற திருப்தி. அந்தத் திருப்தியில், லாரி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையே மறந்திருந்தேன்.

அந்தச் செய்திக்கு நாலு மாதம் ஆனது. தாலுகா அலுவலகத்தில் தகவல் உரிமை மனு போட்டு, அனுமதித்த மண் அளவு என்ன என்ற பதிலை வாங்கினேன். அவர் கணவரோடு ஏரிக்குள் இறங்கி நடந்து, ஆள் உயரத்துக்கு மேல் தோண்டிய குழிகளை அளந்தேன். மண்பாண்டம் செய்யும் குடும்பங்களைப் பார்த்தேன். தங்களுக்கு நாலு டிராக்டர் மண்ணுக்கு மேல் வரவில்லை என்றார்கள். வேப்பூரில் லாரிகள் நிற்கும் சாப்பாட்டுக் கடைகளில் உட்கார்ந்து டிரைவர்களிடம் பேசினேன். துணைத் தலைவருக்கு மூன்று முறை போன் செய்து, பிறகு நேரில் போனேன். அவர் எல்லாவற்றையும் மறுத்தார். மறுத்ததை அவர் வார்த்தையிலேயே எழுதினேன். எந்தத் தாளையும் அடிவரை பார்க்காமல் விடவில்லை.

அனுப்புவதற்கு முன் அச்சடித்து எடுத்துக்கொண்டு மறுபடி அவரிடம் போனேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் படித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, பெரிய மதகுக்குப் பக்கத்தில் இல்லை, சின்ன மதகுக்குப் பக்கத்தில்தான் தோண்டினார்கள் என்று திருத்தினார். கடைசியில் நான் மறுபடி அவரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதன்மேல் விரலை வைத்து, இது எதுக்குங்க, ஏரியப் பத்தி மட்டும் எழுதுங்க என்றார். அங்கேயே பேனாவால் அடித்தேன்.

அந்தக் கடிதத்தை யாரும் அதிகம் பகிரவில்லை. தாசில்தார் அலுவலகத்திலிருந்து வந்து குழிகளை அளந்துகொண்டு போனார்கள். லாரி நின்றது. நான் எழுதியதால் நின்றதா, மழை வந்து ஏரியில் தண்ணீர் நின்றதால் நின்றதா என்று எனக்குத் தெரியாது.

அவர் படித்துத் திருத்திய அன்றைக்குத் தாளை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது ஒன்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. என்னை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கூட்டில் வைத்தார்.

"மறந்துட்டேன்னு சொன்னா பொய்யாப் பூடுங்க" என்றார். பிறகு ரோட்டுப் பக்கம் பார்த்தார். "பஸ்ஸு வர நேரம். உட்டா அடுத்தது ஒரு மணி நேரம் ஆவும். கெளம்புங்க."

போயிட்டு வரேங்க என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.